பருத்தி என்று சொல்லி விற்கலாமா?

கேள்வி: நான்கு தறிகள் வைத்துச் சாரம் நெய்து விற்கிறேன். பொலியெஸ்டர் நூல் கலந்தால் செலவு குறைகிறது. கலப்பு என்று சொன்னாலோ வாங்குவோர் தயங்குகிறார்கள். அறம் பேசும் பழைய தத்துவங்கள் இன்றைய வியாபாரிக்கு உதவுமா?
– வாசகர், மருதமுனை

பதில்: உதவும், தம்பி. பழைய கிரேக்கத்தின் ஸ்டோயிக் தத்துவத்தைத் தொடங்கிய சீனோவே வியாபாரிதான். ஊதாச் சாயம் ஏற்றிவந்த கப்பல் உடைந்து, வெறுங்கையோடு ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தவர் என்பார்கள். லாபமும் நட்டமும் முழுதாக நம் கையில் இல்லை, நேர்மை நம் கையில் இருக்கிறது என்பது அந்த மரபின் அடிப்படை. வள்ளுவர் நமக்கு இன்னும் நெருக்கம். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்கிறது 120ஆம் குறள். அதை அவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

கல்முனையில் துணிக்கடை நடத்தியபோது, பருத்தி என்று நம்பி வாங்கிய சாரங்களைச் சோதிக்காமலே விற்றேன். ஒரு மீனவப் பெரியவர் திரும்பி வந்தார். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பருத்தி எரிந்தால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் தொட்டவுடன் உதிரும். இதுவோ உருகிச் சுருண்டு, கறுத்த கடுகுபோல இறுகிவிட்டது. அந்த மணியை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். மிச்சச் சாரங்களில் அன்றே ‘கலப்பு’ என்று எழுதி விலையைக் குறைத்தேன்.

கலப்பு நெய்வதில் குற்றமில்லை. மழைக்காலத்தில் சீக்கிரம் காயும். சீட்டில் எழுதியே விற்றுவிடுங்கள். இரண்டு தறிகளையாவது தனிப் பருத்திக்கு ஒதுக்குங்கள்.