வளையல் ஏறாத கை

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்தப் பக்கத்துக் கை வீங்கி, வளையல் ஏறவில்லை. மீன் வெட்டும் வேலை எனக்கு. டாக்டரிடம் சொன்னால், “உயிர் பிழைச்சீங்களே, அது போதாதா?” என்கிறார். நான் கேட்பது அதிகமா, அக்கா?
வாசகி, காசிமேடு

பதில்: போதாது தங்கச்சி. பிழைத்தவள் கை வைத்துப் பிழைப்பு நடத்த வேண்டாமா?

அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை எடுத்தாலோ, அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ நிணநீர் வடிய வழி குறைந்து கையில் தேங்கும். லிம்ஃபெடிமா என்பார்கள். வருஷங்கள் கழித்தும் வரும். சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பித்தால் துணிக்கட்டு, பயிற்சி, கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை என்று கட்டுக்குள் வைக்கலாம். உறையைக் கண்ணளவில் வாங்காதீர்கள், அளவெடுத்துத்தான் போட வேண்டும்.

எனக்குக் கவலை உங்கள் வேலைதான். கெளுத்தி முள் ஒன்று குத்தினாலே கிருமி புகுந்துவிடும். தடித்த ரப்பர் கையுறை போடுங்கள். குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்கும் இதே கைதான். தண்ணி லாரி வந்தால் குடத்தோடு மகன்தான் ஓடுகிறான். தெருவில் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்புறம், அடுத்த தடவை டாக்டரிடம் இப்படியே சொல்லுங்கள்: “வீக்கம் புதுசு. வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுங்கள்.” எழுதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.