ஃபிரிட்ஜ் இல்லாமல் ஆர்என்ஏ மருந்து தாங்குமா? கேள்வி பதில்

ஆர்என்ஏ, டிஎன்ஏ மருந்துகளைக் குளிர் இல்லாமல் கெடாமல் வைப்பது பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): சார், ஃபைசர் கொரோனா தடுப்பூசிக்கு முதலில் மைனஸ் 70 டிகிரி வேண்டும் என்றார்கள். டிஎன்ஏ பழைய எலும்புகளில்கூட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கிறது. ஆர்என்ஏ மட்டும் ஏன் இப்படி?

பதில்: ஒரே ஒரு ஆக்சிஜன் அணுதான் காரணம். ஆர்என்ஏவின் சர்க்கரையில் இரண்டாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் இருக்கிறது; டிஎன்ஏவில் அந்த இடத்தில் வெறும் ஹைட்ரஜன். அந்த ஹைட்ராக்சில் பக்கத்திலுள்ள பாஸ்பேட்டைத் தாக்கிச் சங்கிலியை அறுத்துவிடும். அதற்குத் தண்ணீர் இருந்தால் போதும். சூடும் காரத்தன்மையும் மெக்னீசியமும் வேகத்தைக் கூட்டும். அந்தத் தடுப்பூசியின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்யும் கட்டளையைச் சுமக்கும் ஆர்என்ஏ) 4,284 எழுத்து நீளம்; எழுத்து என்றால் சங்கிலியின் ஒரு கண்ணி. நடுவில் ஒரு வெட்டு விழுந்தாலும் முழுப் புரதம் வராது. குளிர் இந்த வினையை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவுக்குக் கொலஸ்டிராலுக்கு இன்க்ளிசிரான் ஊசி போடுகிறோம். அதுவும் ஆர்என்ஏ மருந்தாமே! கடைக்காரர் வெளியில்தான் வைத்திருந்தார். கெட்டிருக்குமா?

பதில்: பயப்பட வேண்டாம். அது அறை வெப்பநிலையில் வைப்பதற்காகவே உருவான மருந்து. உறைய மட்டும் விடக்கூடாது. எதற்கும் பெட்டியில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இது குட்டி எஸ்ஐ-ஆர்என்ஏ, அதாவது குறிப்பிட்ட ஒரு புரதம் உருவாகாமல் தடுக்கும் இரட்டை இழை ஆர்என்ஏ; ஒவ்வொரு இழையும் இருபது எழுத்துச் சொச்சம்தான். முதல் பதிலில் சொன்ன ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு, பெரும்பாலான இடங்களில் மெத்தாக்சியோ ஃபுளோரினோ வைத்திருக்கிறார்கள். அறுக்கும் கத்தியே கையில் இல்லை. கல்லீரலுக்குக் கொண்டுபோக ஒரு சர்க்கரைக் கொத்தை நேரடியாக ஒட்டியிருப்பதால் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்குப் போடுவது போன்ற கொழுப்புப் போர்வையும் தேவையில்லை. 2018இல் வந்த பாட்டிசிரான் என்ற மருந்தும் எஸ்ஐ-ஆர்என்ஏதான். ஆனால் அது கொழுப்பு நானோதுகளுக்குள் (மிக நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள்) இருப்பதால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. மருந்து மட்டுமல்ல, அதைச் சுமக்கும் பொதியும் ஃபிரிட்ஜ் கேட்கும்.

கேள்வி: அப்படியானால் எம்ஆர்என்ஏவிலும் எல்லா ஹைட்ராக்சிலையும் மாற்றிவிடலாமே?

பதில்: மாற்றினால், செல்லில் அதைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோமால் படிக்க முடியாது. எம்ஆர்என்ஏ ஆய்வாளர்கள் கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் 2023இல் நோபல் பெற்றுத் தந்த மாற்றம் எழுத்துகளில் செய்தது. உடலின் எதிர்ப்பைத் தணிக்க வந்தது. சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்த முதுகெலும்பு பழையபடியேதான் இருக்கிறது. வரிசையைக் கணினியில் வடிவமைத்து ஆர்என்ஏவை நிறைய மடியச் செய்யலாம். இரட்டை இழையாக இருக்கும் பகுதி குறைவாகவே அறுபடும். ஆயுள் கூடும், பிரச்சினை தீராது.

கேள்வி (மருந்து ஆலையில் வேலை செய்பவர்): தண்ணீர்தான் எதிரி என்றால் லையோ (உறைய வைத்து உலர்த்துவது) செய்துவிட்டால் முடிந்ததா அண்ணா?

பதில்: என் நம்பிக்கையும் அதில்தான். ஆனால் உலர்த்துவதற்கு முன் உறைய வைக்க வேண்டுமே, சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. பனிப் படிகங்கள் வளரும்போது நானோதுகள்களை ஒரு மூலைக்கு நெருக்கும். அவை ஒன்றோடொன்று கலந்து பருத்துவிடும், ஆர்என்ஏ வெளியே கசியும். சுக்ரோஸ் அல்லது ட்ரெஹலோஸ் சேர்த்தால் அது படிகமாகாமல் கண்ணாடியாக இறுகித் துகள்களைத் தனித்தனியே பிடித்து வைக்கும். நன்கு உலர்ந்த ட்ரெஹலோஸ் கண்ணாடி 100 டிகிரிக்கு மேலும் இளகாது. சுக்ரோஸ் அதைவிட வெகு சீக்கிரம் இளகும். சிறிது ஈரம் மிஞ்சினாலும் இந்த வரம்பு மடமடவென இறங்கும். ரப்பர் மூடியிலிருந்து வரும் ஈரத்தையும் கணக்கில் எடுங்கள். பலர் விட்டுவிடும் இடம் அது.

பஃபரையும் (பிஹெச் எனும் அமில-கார அளவை மாறாமல் வைக்கும் கரைசல்) பாருங்கள். சோடியம் பாஸ்பேட் உறையும்போது ஒரு உப்பு மட்டும் முதலில் படிகமாகி பிஹெச் சரிந்துவிடும். ஃபைசர் பின்னாளில் பாஸ்பேட்டை விட்டு ட்ரிஸ் என்ற வேறு பஃபருக்கு மாறியது. அந்த வடிவத்தை ஃபிரிட்ஜில் 10 வாரம் வைக்கலாம்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். நானோதுகளில் ஆர்என்ஏவைப் பிடித்து வைக்கும் 'அயனியாகும் கொழுப்பு' ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஆல்டிஹைடு என்ற, எளிதில் வினைபுரியும் சேர்மம் பிறக்கும். அது ஆர்என்ஏவின் எழுத்துகளில் ஒட்டிக்கொள்ளும். 2021இல் மாடர்னா ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். சங்கிலி அறுபடாததால் நீளத்தை மட்டும் அளக்கும் சோதனையில் மருந்து நன்றாகவே தெரியும், புரதம் மட்டும் குறையும். எனவே கொழுப்பின் தூய்மையைப் பார்க்காமல் உலர்த்தலில் இறங்காதீர்கள்.

கேள்வி: உலர்த்திய எம்ஆர்என்ஏ தடுப்பூசி ஏதாவது ஒப்புதல் பெற்றிருக்கிறதா?

பதில்: ஜென்னோவா நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசியான ஜெம்கோவாக் 2022இல் இந்தியாவில் அவசர ஒப்புதல் பெற்றது. உலர்ந்த தூள்தான், ஆனாலும் 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீஸர் தேவை போனது, ஃபிரிட்ஜ் தேவை போகவில்லை. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்த வித்தியாசமே பெரிய விடுதலை.

கேள்வி: "அறை வெப்பநிலையில் ஆறு மாதம் தாங்கும்" என்று செய்தி வந்தால் நம்பலாமா?

பதில்: எந்த அறை என்று முதலில் கேளுங்கள். 25 டிகிரியில் செய்த சோதனை ஈரப்பதம் மிகுந்த வெப்ப நாடுகளுக்குப் போதாது. அங்கே நீண்டகாலச் சோதனை 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் நடக்க வேண்டும். அடுத்து, எதை அளந்தார்கள்? துகளின் அளவா, ஆர்என்ஏவின் முழுமையா, உயிரினத்தில் வேலை செய்ததா? 2023இல் எம்ஐடி குழு தோலில் ஒட்டும் நுண்ணூசிப் பட்டைகளில் எம்ஆர்என்ஏவை உலர்த்தி, ஆறு மாதத்துக்குப் பின்னும் எலிகளில் சோதித்துக் காட்டியது. அந்தக் கடைசி வகைச் சோதனை இருந்ததால்தான் அதை மதிக்கிறேன்.

கேள்வி: 2 முதல் 8 டிகிரி என்று போட்ட மருந்தை ஃப்ரீஸரில் வைத்தால் கூடுதல் நாள் வருமா?

பதில்: வராது, கெடும். "உறைய வைக்காதீர்" என்று இருந்தால் தயவுசெய்து ஃப்ரீஸர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தவறி உறைந்துவிட்டால் உருக்கிப் போட்டுக்கொள்ளாமல் மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.