ஜி.ஐ.எஸ். படித்தாயிற்று, வேலை எங்கே? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜி.ஐ.எஸ். (வரைபடத்தையும் அதோடு சேர்ந்த தகவலையும் கணினியில் கையாளும் துறை) பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: எந்த சாஃப்ட்வேர் படித்தால் வேலை நிச்சயம்? அதற்குத் தனியாகப் பதில் எழுதவில்லை. கீழே உள்ள பதில்களைப் படித்தால் ஏன் என்று புரியும்.

பி.எஸ்சி. புவியியல் முடித்து, மூன்று மாத ஜி.ஐ.எஸ். கோர்ஸும் முடித்தேன். சென்னையில் டிஜிட்டைசேஷன் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் ரொம்பக் குறைவு, நைட் ஷிஃப்ட் வேறு. சேரலாமா சார்? (பட்டதாரி, திருநெல்வேலி)

சேருங்கள். எதற்காகச் சேருகிறோம் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

புதியவர்களை அதிகம் எடுப்பது இந்த வகைக் கம்பெனிகள்தான். வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு, மின்சார, கேஸ் நிறுவனங்களுக்கான வரைபட வேலை. படத்தின் மேல் கட்டடம், சாலை, கம்பம், கேபிள் என்று நாள் முழுக்க வரைவீர்கள். தினசரி டார்கெட் உண்டு, எத்தனை தவறு என்று எண்ணவும் செய்வார்கள். அலுப்பான வேலைதான். ஆனாலும் கல்லூரியில் யாரும் சொல்லித்தராத ஒழுங்கு இங்கேதான் கைக்கு வரும். பக்கத்துப் பக்கத்துப் பாலிகன்களுக்கு, அதாவது மூடிய எல்லை வடிவங்களுக்கு, நடுவே இடைவெளியோ மேற்படிதலோ இல்லாமல் வரைவது, வரைந்தவற்றின் தகவல் அட்டவணையான அட்ரிபியூட் டேபிளில் ஒரே சாலையை மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதாமல் இருப்பது, கிளையன்ட் அனுப்பிய விதிமுறையை வரி விடாமல் படிப்பது எல்லாம் பின்னால் எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

ஒரு வருடம் ஆனதும் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு மாறப் பாருங்கள். வரைவதிலேயே நின்றுவிடாதீர்கள். மைக்ரோசாஃப்டும் கூகுளும் இயந்திரக் கற்றல் மூலம் கட்டட எல்லைகளை எடுத்து, இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு இலவசமாகவே வெளியிட்டுவிட்டன. வெறுமனே வரைகிற கைக்கு இனி மதிப்பு இறங்கத்தான் செய்யும். அதே தரவை இறக்கி உங்கள் ஊர் டவுன் பக்கம் ஒரு தெருவைப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசை பல இடங்களில் ஒரே கட்டடமாக நிற்கும். தென்னை மறைத்த வீடு காணாமல் போயிருக்கும். அதைக் கண்டுபிடித்து, ஏன் தவறு என்று எழுதத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

இரண்டு வருடம் கழிந்தும் அதே நாற்காலியில் அதே வேலை என்றால் கிளம்பிவிடுங்கள்.

ஆர்க்ஜிஐஎஸ்ஸா, க்யூஜிஐஎஸ்ஸா? (பலர்)

இரண்டும் ஜி.ஐ.எஸ். சாஃப்ட்வேர்கள்தான். வீட்டில் பழக க்யூஜிஐஎஸ். இலவசம், உரிமத் தொல்லை இல்லை. கம்பெனி எதைக் கொடுத்தாலும் இரண்டு வாரத்தில் பழகிவிடலாம். பட்டன் எங்கே என்பதுதான் மாறும்.

பி.இ. சிவில் முடித்துவிட்டு ஜி.ஐ.எஸ். பக்கம் வர நினைக்கிறேன். அரசு வேலை வாய்ப்பு எப்படி? (சேலம்)

‘ஜி.ஐ.எஸ். அலுவலர்’ என்று பெரிய எண்ணிக்கையில் அரசு அறிவிப்பு வரும் எனக் காத்திருக்காதீர்கள். வேலைகள் இருக்கின்றன, வேறு வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன.

மாநிலத்தில் நில அளவை, வருவாய், வனம், நீர்வளம், நகரமைப்பு என்று எல்லாத் துறையும் வரைபடம் கேட்கிறது. நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகத் தேர்வு நடக்கும். இந்தப் பணிகள் ஐ.டி.ஐ., டிப்ளமோ தகுதியை வைத்து வருபவை. பட்டம் இருக்கிறதே என்று நேரே விண்ணப்பிக்காமல் அறிவிக்கையின் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். தமிழ்நாடு மின்னாளுமை முகமை டி.என்.ஜி.ஐ.எஸ். என்ற பெயரில் துறைகளின் லேயர்களை (வரைபட அடுக்குகளை) ஒரே இடத்தில் சேர்க்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஒப்பந்தப் பணிதான் அதிகம்.

மத்திய அரசில் ஹைதராபாத்தின் தேசிய தொலையுணர்வு மையம், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வே ஆஃப் இந்தியா. சென்னையிலேயே பள்ளிக்கரணையில் தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நீடித்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையமும் இருக்கின்றன. ப்ராஜெக்ட் அசோசியேட் மாதிரிப் பணிகளுக்கு இந்த நிறுவனங்களின் இணையதளங்களை அடிக்கடி பாருங்கள். செய்தித்தாளில் வரும் என்று நம்பாதீர்கள். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மூன்று வருடம் கடற்கரை வரைபடங்களோடு புழங்கியவரைத் தனியார் ஆலோசனை நிறுவனங்கள் தேடி எடுக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது கேட் தேர்வு. 2022 முதல் அதில் ஜியோமேட்டிக்ஸ் இன்ஜினியரிங் என்று தனித்தாளே இருக்கிறது; பொதுப் பகுதி போக, சர்வேயா இமேஜ் ப்ராசஸிங்கா என்று தேர்ந்துகொள்ளலாம். சிவிலில் சர்வே படித்தவருக்குப் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஐ.ஐ.டி.யில் எம்.டெக். கிடைத்தால் பாதையே வேறு. அதுவரை, டேராடூனின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் நடத்தும் இலவச ஆன்லைன் வகுப்புகளில் சேருங்கள்.

எம்.எஸ்சி. ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் இறுதியாண்டு. கோடிங் தெரியாவிட்டால் வேலையே இல்லை என்கிறார்கள். எனக்கு பைத்தான் என்றாலே பயம். என்ன செய்வது மேடம்? (மாணவி, திருச்சி)

முதலில் ஒரு திருத்தம்: மேடம் இல்லை, சார். பரவாயில்லை.

கோடிங் வேண்டும், ஆனால் சாஃப்ட்வேர் இன்ஜினியர் அளவுக்கு வேண்டாம். நூறு ஷேப்ஃபைல்களை (ஜி.ஐ.எஸ். வரைபடக் கோப்புகளை) ஒரே மாதிரி வெட்டிச் சேமிக்க, எக்செல்லில் வந்த கிணறுகளின் பட்டியலை வரைபடமாக்க, போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தில் ‘இந்த வாய்க்காலிலிருந்து 50 மீட்டருக்குள் எத்தனை கட்டடம்’ என்று கேட்க: இந்த மூன்றும் வந்தால் ஆரம்பத்துக்குப் போதும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.-இல் தொடங்குங்கள், பைத்தானைவிடப் பயம் குறைவு.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நேர்முகத் தேர்வில் நான் வழக்கமாகக் கேட்பது, தமிழ்நாடு எந்த யூ.டி.எம். ஸோனில் (உலகைத் தீர்க்கரேகைப்படி பிரித்து எண்ணிட்ட பட்டைகளில் ஒன்று) இருக்கிறது என்று. ‘44’ என்று பதில் பட்டென்று வரும். பாதிதான் சரி. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை மாநிலத்தை நெடுக வெட்டிக்கொண்டு போகிறது. சென்னையும் மதுரையும் தூத்துக்குடியும் 44. கோவையும் திருநெல்வேலியும் 43. திருநெல்வேலி லேயருக்கு 44 என்று தப்பாகக் கொடுத்தால் அது இலங்கையையும் தாண்டி வங்கக் கடலில் போய் விழும். கடலில் விழுந்தால்கூட நல்லது, உடனே தெரிந்துவிடும். பழைய டோப்போஷீட்டின் (சர்வே ஆஃப் இந்தியா நிலவரைபடத்தின்) எவரெஸ்ட் டேட்டமை, அதாவது இடங்களை அளக்கும் அடிப்படையை, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று எடுத்துக்கொண்டால் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும், ஆனால் படம் பார்க்க அழகாகவே இருக்கும். அந்தத் தவறைப் பிடிக்கிற ஆள்தான் கம்பெனிக்கு வேண்டும்.

ரெஸ்யூமில் பத்து சாஃப்ட்வேர் பெயர் எழுதுவதற்குப் பதில் ஒரே ஒரு வேலையை முழுசாகச் செய்து கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். உங்கள் ஊர் ஏரியையே எடுக்கலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015-லிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. பச்சை பேண்டையும் அண்மை அகச்சிவப்பு பேண்டையும் வைத்து நீர்க் குறியீடு கணக்கிட்டு, ஜனவரி ஜனவரியாக நீர்ப்பரப்பை ஒப்பிடுங்கள். இரண்டு இடத்தில் கவனம். அந்தப் படத்தின் ஒரு பிக்சல் பத்துக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். மூன்று சென்ட் ஆக்கிரமிப்பை இதில் பிடித்துவிட்டேன் என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். அப்புறம், ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர் இந்தக் கணக்கில் தரையாக வரும். நேரில் போய்ப் பார்த்து, எங்கெங்கே கணக்கு பொய் சொல்கிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள். நான் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் தேடிப் படிப்பது அந்தப் பத்தியைத்தான்.

ட்ரோன் ஓட்டக் கற்றால் நல்ல சம்பளமாமே? (டிப்ளமோ, திண்டுக்கல்)

ஓட்டுவதற்கு 2021 ட்ரோன் விதிகளின்படி சான்றிதழ் வாங்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதியும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மையத்தில் பயிற்சியும் போதும். அதனால்தான் போட்டியும் அதிகம். பறக்கவிடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை டி.ஜி.பி.எஸ். (துல்லியமான ஜி.பி.எஸ். கருவி) வைத்துச் சரியாகக் குறித்து, படங்களைத் தைத்து, சில சென்டிமீட்டர் துல்லியத்தில் ஆர்த்தோ படம் (சாய்வும் சிதைவும் நீக்கி, மேலேயே அளக்கத் தகுந்த படம்) கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர். 1802-இல் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அவ்வளவு பாடுபட்டு அளந்ததும் இதற்காகத்தான்: தரையில் பிழை இருந்தால் மேலே கட்டுவதெல்லாம் பிழை. நீங்கள் டிப்ளமோ சிவில் என்றால் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியையும் விடாதீர்கள்.

துபாய், கத்தாரில் ஜி.ஐ.எஸ். வேலை என்று ஏஜென்ட் பணம் கேட்கிறார். (விருதுநகர்)

பைப்லைன், மின்சாரம், நகராட்சிப் பணிகளுக்கு அங்கே ஆள் எடுப்பது உண்மை. அனுபவம் உள்ளவர்களைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பெயர் இல்லையா, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

திருமணம், குழந்தை என்று ஆறு வருட இடைவெளி. ஆர்க்மேப் நன்றாகத் தெரியும். திரும்ப வர முடியுமா? (நாகர்கோவில்)

முடியும். ஆனால் ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பழைய வடிவமான ஆர்க்மேப்புக்கான ஆதரவை 2026 மார்ச்சோடு முடித்துக்கொள்வதாக அதை உருவாக்கிய எஸ்ரி நிறுவனம் அறிவித்தது. ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவுக்கோ க்யூஜிஐஎஸ்ஸுக்கோ மாறியே ஆக வேண்டும். உங்களுக்கு அது பெரிய வேலை இல்லை. ப்ரொஜெக்‌ஷன், டோப்பாலஜி போன்ற அடிப்படைகள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. பழைய ப்ராஜெக்ட் ஒன்றைப் புதிய சாஃப்ட்வேரில் மறுபடி செய்து பாருங்கள். ஆறு வருட இடைவெளியை ரெஸ்யூமில் ஒளிக்க வேண்டாம், ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். முதலில் தரப் பரிசோதனைப் பணிகளுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே வேகத்தைவிடப் பழகிய கண்ணுக்குத்தான் மதிப்பு, வீட்டிலிருந்து செய்யக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.