பாலியல் விவகாரத்தில் சிக்கிய அரசியல்வாதி பதவி விலக வேண்டுமா? அது அவருடைய சொந்த வாழ்க்கைதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அநேகமாக ஒரு கட்சிக்காரர், இல்லையென்றால் மனசுக்குப் பிடித்த தலைவர் ஒருவர் அண்மையில் மாட்டிக்கொண்டதைப் பார்த்து நொந்து போயிருப்பவர் என்று நினைக்கிறேன். "அது அவருடைய சொந்த வாழ்க்கைதானே" என்ற வாலைப் படித்ததும் அப்படித்தான் தோன்றியது. இதே வார்த்தைகளை ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் கேட்டவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்பளமோ ஒப்பந்தமோ அவர் கையில் இருந்தால் அவர் விலக வேண்டும். மன்னிப்பு, விளக்கம், மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்த போட்டோ, எதுவும் போதாது. அதை மறைக்கப் பதவியைப் பயன்படுத்தியிருந்தாலும், பொறுப்பான இடத்தில் நின்று பொய் சொல்லியிருந்தாலும் விலக வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், அவர் யாரோடு பழகினார் என்பது அவர் வீட்டுப் பாடு. அதில் எனக்கும் உங்களுக்கும் வேலை இல்லை.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன். பிறந்தது காரைக்குடிப் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவருடைய குடும்பம் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழி. சில வருடங்களுக்கு முன் ஒரு மாகாணச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் நிர்வாக வேலை பார்த்தேன். எந்தக் கட்சி, எந்தப் பகுதி என்று சொல்லப் போவதில்லை. இப்போது எழுதுவதுகூட, அங்கே என்னோடு வேலை பார்த்த, இதில் சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தொகுதி அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கடைத்தெருவில் இரண்டு அறை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், காலையிலேயே வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள். முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருக்கும், ஐடியில் பிறந்த வருடம் தப்பாக இருக்கும், பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்திருக்காது. சட்டமன்றம் கட்சிக்குக் கொடுக்கும் தொகுதிப் பணத்தில்தான் எங்கள் சம்பளம். எல்லாமே தவணை ஒப்பந்தம், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபத்தைந்துகூட ஆகியிருக்காது. எங்கள் எல்லாரையும்விட அவளுக்கு இந்த ஊர் ஸூலு மொழி நன்றாக வரும். வரிசையில் இருக்கும் கோகோக்களிடம் (இங்கே பாட்டிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்) பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஃபார்ம் நிரப்புவாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். தகப்பனுக்கு டயாலிசிஸ்.

உறுப்பினருக்கும் அவளுக்கும் பழக்கம் இருந்தது. அவளைக் கட்டாயப்படுத்தினார் என்று நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் விருப்பத்தோடுதான் இருந்தாள், அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. "பார்த்தீர்களா, இருவரும் பெரியவர்கள், விரும்பிப் பழகினார்கள், அப்புறம் என்ன?" என்று கேட்கத் தயாராகிற நண்பர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்ல வந்ததே அதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

அவள் நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். அந்த மாதம் எங்கள் எல்லாருடைய ஒப்பந்தப் புதுப்பிப்புத் தாள்களும் அவர் மேஜைக்குப் போயின. என்னுடையது அன்று மாலையே கையெழுத்தாகி வந்துவிட்டது. டிரைவருடையதும் வந்தது. அவளுடைய தாள் மட்டும் மேஜையின் இடது மூலையில், காகித எடைக்கு வைத்திருந்த கண்ணாடிப் பிள்ளையாருக்குக் கீழே அப்படியே கிடந்தது. நான் தினமும் காலையில் ஃபைல் வைக்கப் போகும்போது பார்ப்பேன். கையெழுத்து இடம் வெள்ளையாக இருக்கும். நினைவுபடுத்தினால் "பார்க்கலாம் ஆன்ட்டி" என்பார். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் ஆன்ட்டிதான். இங்கே அப்படித்தான் பேசுவார்கள். அவளிடம் அவர் ஒரு வார்த்தைகூட மிரட்டிப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லை, தாள் பேசிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வாய்ஸ் நோட்டுகள் வெளியே வந்தன. கட்சிக்குள்ளேயே எதிர்க்கோஷ்டி ஆட்கள் கசியவிட்டதாகப் பேச்சு. கோயில் வாட்ஸ்அப் குழுவில்கூட சுற்றியது. அவருடைய குரல் இருந்தது, அவளுடைய குரலும் இருந்தது. கட்சி "சொந்த விஷயம்" என்று மூன்று வரி அறிக்கை விட்டது. அடுத்த வாரம் ஒரு விழா மேடையில் அவர் மனைவியிடமும் சமூகத்திடமும் மன்னிப்புக் கேட்டார். முன்வரிசை எழுந்து நின்று கை தட்டியது. ஒப்பந்தத் தேதி முடிந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை பாருங்கள், புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்!

இங்கே ஒரு சட்ட விஷயம் சொல்கிறேன், யாருக்காவது உதவும். தென்னாப்பிரிக்காவின் 1995 தொழிலாளர் உறவுச் சட்டத்தில் 186ஆம் பிரிவு, தவணை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்று நியாயமாக எதிர்பார்க்க இடம் இருந்து, முதலாளி புதுப்பிக்காமல் விட்டால், அதையும் வேலைநீக்கமாகவே எடுத்துக்கொள்கிறது. முப்பது நாளுக்குள் சிசிஎம்ஏ என்கிற சமரச ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. அவளிடம் இதைச் சொல்லி, ஃபார்ம் நிரப்பி, கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. அதற்குப் பிறகு என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது. சில மாதச் சம்பளம் கொடுத்தார்கள், வெளியே பேசக் கூடாது என்று அவளிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

என் மாமியார் இதையெல்லாம் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. எழுபதுகளில் துணி ஃபேக்டரியில் தையல் வேலை செய்தவர். "ஃபோர்மன் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டா நாங்க ஒத்தையா போகவே மாட்டோம்மா, ரெண்டு பேராத்தான் போவோம். மூணாவது ஒருத்தி மெஷின்ல இருந்தே பாத்துக்கிட்டு இருப்பா" என்றார். தொகுதி அலுவலகத்தில் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க யாருமில்லை, அவர்தான் எல்லாருக்கும் மேலே.

இனி பெரிய ஆட்களின் கதைக்கு வருவோம். இந்த நாட்டில் இதற்கெல்லாம் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை.

2018 அக்டோபரில் உள்துறை அமைச்சராக இருந்த மாலுசி கிகாபாவின் அந்தரங்க வீடியோ வெளியானது. யாரோ திருடி, தன்னை மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தார்கள் என்று அவரே சொன்னார். ஊரே சிரித்தது. அந்த வீடியோவுக்காக அவர் விலகியிருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. அந்த விஷயத்தில் அவர் பாதிக்கப்பட்டவர். ஆனால் ஜொகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஒரு தனியார் முனையத்துக்கு அனுமதி கொடுத்த வழக்கில் அவர் சத்தியப் பிரமாணத்தின் மீது பொய் சொன்னார் என்று 2017இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு யாரும் சிரிக்கவும் இல்லை, அவ்வளவாகக் கோபப்படவும் இல்லை. நவம்பர் 13 அன்று ராஜினாமா செய்தார். எங்கள் தெருவில் இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், வீடியோவால் போனார் என்றுதான் சொல்வார்கள்.

2017 செப்டம்பரில், அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த சிரில் ராமபோசாவைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அவருடைய மின்னஞ்சல்களை வைத்து எழுதியது. பல வருடங்களுக்கு முன் ஒரு தொடர்பு இருந்தது, மனைவியிடம் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். மற்றவற்றை மறுத்தார். கட்சித் தேர்தல் நெருங்கிய நேரம். எதற்காக அப்போது வெளியே விட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் விலகவில்லை, டிசம்பரில் ஜெயித்தார். அது சரி என்றே நினைக்கிறேன்.

ஜேக்கப் ஜூமா விஷயம் வேறு. பாலியல் வல்லுறவு வழக்கில் 2006 மே 8 அன்று நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பை நான் மறுக்க வரவில்லை, தயவுசெய்து யாரும் அப்படித் திரிக்க வேண்டாம். குற்றமா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லும். பதவிக்குத் தகுதியா என்று பார்ப்பது வேறு வேலை. அவர் துணை ஜனாதிபதியாக இருந்தபோது தேசிய எய்ட்ஸ் கவுன்சிலுக்குத் தலைமை தாங்கியவர். அந்த மனிதர், எச்ஐவி உள்ளவர் என்று தெரிந்தே ஒரு பெண்ணோடு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டதாகவும் பிறகு குளித்ததாகவும் சாட்சிக் கூண்டில் நின்று சொன்னார். எய்ட்ஸில் கூட்டம் கூட்டமாக ஜனங்களைப் புதைத்துக்கொண்டிருந்த நாடு இது. எங்கள் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் சனிக்கிழமைதோறும் சவ ஊர்வலம் பார்த்த காலம். அதைப் போய் சொந்த விஷயம் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பெண்ணை உலகம் க்வேஸி என்ற புனைபெயரில்தான் அறிந்திருந்தது. நீதிமன்ற வாசலில் ஜூமாவின் ஆதரவாளர்கள் அந்தப் பெண்ணின் படத்தை எரித்தார்கள். அந்தப் பெண் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. ஜூமா 2009இல் ஜனாதிபதி ஆனார். 2010இல் திருமணத்துக்கு வெளியே ஒரு குழந்தை பிறந்த செய்தி வந்தபோது அறிக்கை விட்டு வருத்தம் தெரிவித்தார், நாற்காலி அசையவில்லை. 2016 ஆகஸ்டில் உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் அறிவிக்கப்பட்ட அரங்கில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான்கு இளம்பெண்கள் முன்னால் போய் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். க்வேஸியை நினைவில் வையுங்கள் என்று ஒன்றில் எழுதியிருந்தது. நான் டிவியில் பார்த்துக்கொண்டே அடுப்பில் பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை. அந்த அக்டோபரிலேயே க்வேஸி இறந்துபோனார்.

அமெரிக்காவின் பில் கிளிண்டன் கதையையும் இங்கே இன்னொரு பதிலில் ஒருவர் எழுதியிருக்கிறார், "செனட்டே 1999இல் விடுவித்துவிட்டதே" என்று. விடுவித்தது. அந்தப் பெண், மோனிகா லெவின்ஸ்கி, வெள்ளை மாளிகையில் பயிற்சிக்கு வந்தவர், கிளிண்டன் அந்த நாட்டின் ஜனாதிபதி. என் அலுவலகத்து மேஜையும் அந்தத் தாளும்தான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

"மக்கள் தேர்தலில் தீர்ப்புச் சொல்லட்டும்" என்பது அடுத்து வரும் வாதம். தென்னாப்பிரிக்காவில் அது முழுதாகப் பொருந்தாது. நாடாளுமன்றத்துக்கும் மாகாணச் சட்டமன்றத்துக்கும் 2024இலிருந்து சுயேச்சைகளும் நிற்கலாம் என்றாலும், நாங்கள் பெரும்பாலும் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறோம், ஆள் கட்சிப் பட்டியலிலிருந்து வருகிறார். பட்டியலில் வந்த பிடிக்காத ஒரு உறுப்பினரை மட்டும் தோற்கடிக்க வாக்காளருக்கு வழி இல்லை. கட்சியில் உறுப்பினராக இல்லாமல் போவது, அபராதத்துக்கு இடமில்லாமல் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்படுவது போன்ற சில காரணங்களுக்குத்தான் அரசியல் சட்டப்படி பதவி போகும். அவர் விலகினாலும் இடைத்தேர்தல் வராது, பட்டியலில் அடுத்தவர் வந்து உட்காருவார். ஆகக் கட்சிக்கு ஒரு இடம்கூடக் குறையாது. அப்படியிருந்தும் விலகச் சொல்ல மனசு வருவதில்லை. வார்டு கவுன்சிலர் என்றால் இடைத்தேர்தல் உண்டு, அங்கே மட்டும் இந்த வாதம் கொஞ்சம் நிற்கும்.

2022 மார்ச்சில் வேலையிடத் துன்புறுத்தலுக்கு எதிரான புதிய நடத்தை விதிகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. தனியார் கம்பெனி மேனேஜர் இப்படி நடந்திருந்தால் உள்விசாரணை வைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சட்டம் எழுதுகிறவருக்கு மட்டும் மேடையில் கை தட்டலா?

இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பு நான் எழுதிய ஒரு பதிலுக்குக் கீழே, டர்பன் தமிழர்களுக்குத் தமிழே தெரியாது, பெயரளவில்தான் தமிழர், நீங்கள் அங்கிருந்து தமிழைப் பற்றிப் பேசலாமா என்று எழுதினார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து இறங்கியதில் ஆரம்பித்த கதை இது. கரும்புக் காட்டில் முதுகு ஒடிய வேலை செய்த ஜனம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே மிஞ்சிய நிலையிலும், என் மாமியார் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவதை ஒரு வருடமும் விட்டதில்லை. என் நாத்தனார் பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தப்பில்லாமல் பாடுவார்கள். சொகுசாகத் தமிழ்நாட்டில் பிறந்துவிட்டு இவர்களைக் கேலி செய்யாதீர்கள். எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். "இப்படிப் பார்த்தால் பொய்ப் புகார் கொடுத்து எந்தத் தலைவரையும் கவிழ்த்துவிடலாமே" என்பீர்கள். கவிழ்க்கலாம்தான். அதனால்தான் வாய்ஸ் நோட்டைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள் என்கிறேன். அவளுக்குச் சம்பளம் யார் கையெழுத்தில் போனது, அவள் இப்போது எங்கே வேலை செய்கிறாள், அவளை மாற்றியது யார், எந்தத் தேதியில், இதையெல்லாம் கேளுங்கள். ஒப்பந்தத்துக்கும் கடிதத்துக்கும் தேதி இருக்கும், கோஷ்டிச் சண்டைக்காக அதை மாற்றிவிட முடியாது. உங்கள் தலைவர் அதில் சுத்தமாக வெளியே வந்தால் நானும் உங்களோடு சேர்ந்து அவருக்காகப் பேசுவேன்.

கடைசியாக, அந்த உறுப்பினர் யார் என்று கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள். அவர் பெயரைச் சொன்னால் அரை மணி நேரத்தில் அவள் பெயரையும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவள் இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறாள். சொல்ல மாட்டேன்.