கழியும் கால்வாயும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு போசனின் பதில்கள்

போன இதழில், 2011 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் நண்பர்களோடு ஒரு பழைய பாய்மரப் படகில் கால்வாய் வழியே போனதைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்குத்தான் இந்த முறை முழுவதும் பதில். புதிய வாசகர்களுக்காக: நான் 28 வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன், கடைசிப் பத்து வருடம் போசன், அதாவது மேல்தள வேலைகளைப் பார்க்கும் ஆட்களுக்குத் தலைவன். பிறந்தது பழவேற்காடு ஏரிக் கரையில் ஆந்திரப் பக்கம். இப்போது இருப்பது சூளூர்பேட்டை.

படகு மலை ஏறியது என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீர் கீழேதானே ஓடும்? படகு எப்படி மேலே போகும்?
வாசகர், கும்மிடிப்பூண்டி

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம், காதில் ஒரே மாதிரி விழும். 'லோக்' என்றால் அந்த ஊரில் ஏரி. கடல் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் கழிக்கும் அதே பெயர்தான். 'லாக்கு' என்பது கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி. நம் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் இன்றும் 'லாக்குலு' என்று சொல்வது இதைத்தான்.

நாங்கள் போனது கலிடோனியன் கால்வாய். மேற்கே கார்ப்பாக்கில் கடலை விட்டு ஏறி, கிழக்கே இன்வர்னெஸ்ஸில் மறுபடி கடலில் இறங்கலாம். மொத்தம் 97 கிலோமீட்டர். அதில் மனிதர் வெட்டியது சுமார் 35 கிலோமீட்டர்தான், மீதி எல்லாம் லோக்கி, ஆய்க், நெஸ் என்று வரிசையாகக் கிடக்கும் ஏரிகள். நடுவில் இருக்கும் ஆய்க் ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 32 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதுவரை ஏற வேண்டும், அப்புறம் இறங்க வேண்டும். இதற்கு 29 லாக்குகள்.

லாக்கு வேலை செய்யும் விதம் மிக எளிது. இரண்டு பக்கமும் கல்சுவர், முன்னும் பின்னும் கதவு. கீழ்க்கதவு வழியாகப் படகு உள்ளே வரும். கதவைச் சாத்துவார்கள். மேலே உள்ள தண்ணீரை ஒரு மதகு வழியாகத் திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகு மேலே வரும். இரண்டு பக்கமும் மட்டம் சமமானதும் மேல்கதவு திறக்கும், போய்க்கொண்டே இருக்கலாம். பம்ப் எதுவும் கிடையாது. மலையிலிருந்து வரும் தண்ணீரே ஏற்றுகிறது, அதே தண்ணீர் இறக்குகிறது. கதவு இரண்டும் நேர்க்கோட்டில் சேராது. மேல்தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்ட கை மாதிரி கூம்பி நிற்கும். தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். இதை முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பானவி என்ற இடத்தில் எட்டு லாக்குகள் படிக்கட்டு மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டி இருக்கின்றன. நெப்டியூன் படிக்கட்டு என்று பெயர். ஒரு தொட்டியின் மேல்கதவுதான் அடுத்த தொட்டியின் கீழ்க்கதவு. சுமார் 20 மீட்டர் ஏற எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. படகில் ஒருவர்தான் சுக்கான் பிடித்திருந்தார். நானும் தூத்துக்குடி நண்பரும் கரையில் இறங்கி, முன்பக்கமான அணியத்துக் கயிறு ஒருவர் கையில், பின்பக்கமான அமரத்துக் கயிறு ஒருவர் கையில், மாட்டை நடத்திப் போவதுபோல் ஒவ்வொரு தொட்டியாகப் படகை நடத்திப் போனோம். தண்ணீர் உள்ளே பாயும்போது படகைச் சுழற்றப் பார்க்கும். அந்த நேரத்தில் அணியத்துக் கயிறு தளர்ந்தால் மூக்கு போய்ச் சுவரில் இடிக்கும். திரும்பிப் பார்த்தால் பென் நெவிஸ் மலை, பிரிட்டனிலேயே உயரமானது, 1,345 மீட்டர். ஜூன் மாதத்திலும் அதன் மடிப்புகளில் பனி வெள்ளையாகத் தெரிந்தது.

அவ்வளவு பழைய மரப்படகு என்கிறீர்கள். தண்ணீர் கசியாதா? பயமாக இல்லையா?
வாசகி, தடா

கசியும் அம்மா. கசிவதில் தவறில்லை, எவ்வளவு என்பதுதான் கணக்கு. அந்தப் படகு 1936-ல் கட்டியது. இரண்டு பாய்மரம், ஓக் கட்டையில் விலா, வெளியே பலகை, அடியில் ஏரா என்ற அடிக்கட்டையோடு சில டன் ஈயம். என்னோடு கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஓய்வுபெற்றதும் வாங்கிச் சீர்செய்தது. தினமும் காலையில் கைப்பம்பில் எத்தனை முறை அடித்தால் அடித்தண்ணீர் வற்றுகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவார். முப்பது அடி என்றால் பேசாமல் இருப்பார். நாற்பதைத் தாண்டினால் தரைப்பலகையைத் தூக்கித் தேடுவார்.

மரம் தண்ணீரில் இருக்கும்போது ஊறிப் பருத்து இணைப்பை அடைத்துக்கொள்ளும். கரையேற்றி வெயிலில் போட்டால்தான் சுருங்கி இடைவெளி விடும். நம் ஊரில் படகைக் கரையேற்றிக் கலப்பத்துப் பார்ப்பார்களே, பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி மேலே பூசுவது, அதே வேலையை அவர் முழங்கால் போட்டுச் செய்வதைப் பார்த்தேன். உளியின் வடிவம்கூட அதேதான். எங்கள் தாய்மாமா அந்த வேலையில் பேர் போனவர். பஞ்சை அடிக்கும்போது சத்தம் மாறும், 'டொக்' என்பது 'டக்' ஆகும், அங்கே நிறுத்து என்பார். ஸ்காட்லாந்துக்காரரும் காதைச் சாய்த்து அதே சத்தத்துக்குத்தான் காத்திருந்தார். நான் மாமாவைப் பற்றிச் சொன்னேன். உளியை என் கையில் கொடுத்தார்.

இப்போது படகை அவர் மகள் பார்த்துக்கொள்கிறாள். காலைப் பம்ப் கணக்கை அதே நோட்டில் எழுதுகிறாளாம்.

நெஸ் ஏரியில் அந்த மிருகத்தைப் பார்த்தீர்களா அங்கிள்?
ஒன்பதாம் வகுப்பு மாணவி, சூளூர்பேட்டை

இல்லை கண்ணு. ஆனால் தண்ணீருக்குள் பெரிய மிருகம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற கதை ஏன் அந்த ஏரியில் பிறந்தது என்பது புரிந்தது. ஆழம் சில இடத்தில் 230 மீட்டர். நம் பழவேற்காடு ஏரியில் பெரும்பாலான இடத்தில் நீ நின்றால் இடுப்பளவுதான் இருக்கும், நினைத்துப் பார். தண்ணீரும் கறுத்த டீ நிறம், சுற்றியுள்ள மலைகளின் மக்கிய மண் கரைந்து வருவதால். ஒரு வாளி மொண்டு பார்த்தேன், வாளியின் அடியே மங்கலாகத் தெரிந்தது.

எனக்கு அந்த ஏரி தந்தது காற்று. இரண்டு பக்கமும் மலை, நடுவில் சுமார் 36 கிலோமீட்டர் நேர்க்கோடாகத் தண்ணீர். தென்மேற்குக் காற்று அந்தச் சந்துக்குள் புகுந்தால் குழலில் ஊதிய மாதிரி வேகம் எடுக்கும். கால்வாயில் எஞ்சின் போட்டே வந்தவர்கள், அங்கே எஞ்சினை நிறுத்தி எல்லாப் பாயையும் ஏற்றினோம். மரம் முனகும், கயிறு விறைக்கும், அமரத்தில் தண்ணீர் சலசலக்கும், வேறு சத்தமே இல்லை. உர்க்குஹார்ட் கோட்டையின் இடிந்த கோபுரம் இடது கைப்பக்கம் மெதுவாக நகர்ந்து போனது. சின்ன வயதில் அப்பாவோடு மத்தியானக் கடல்காற்றில் பாய் ஏற்றி வீடு திரும்பிய அதே நிம்மதி, ஐம்பது வருடம் கழித்து, அத்தனை தூரத்தில்.

நாங்கள் ஐந்து நண்பர்கள், ஆலப்புழையில் ஒரு வாரம் படகு எடுத்துப் போகத் திட்டம். சண்டை வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
வாசகர், பொன்னேரி

கிளம்பும் முன்பே மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: யார் கேப்டன், பணம் எங்கே இருக்கும், யார் சமைப்பது. எங்களுக்கு ஒரு பிஸ்கட் டப்பாதான் பொதுப்பணம். ஆளுக்குச் சமமாகப் போட்டோம், டீசல், மளிகை எல்லாம் அதிலிருந்து. சமையல் கொல்லத்துக்காரர் ஒருவரிடம். அவர் கப்பலில் குக், புளியும் கொத்தமல்லித் தூளும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். மாலையில் மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி மேகமாக வந்து பிடுங்கும். எல்லோரும் கேபினுக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுவோம். இரவு பத்தரைக்கும் வெளியே வெளிச்சம் இருக்கும். தூக்கம் குறையும், தூக்கம் குறைந்தால் கோபம் வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேப்டன் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நண்பர்களுக்குள் கட்டளை எதற்கு என்று நானும் நினைத்தேன். ஃபோர்ட் அகஸ்டஸில் ஐந்து லாக்குகள் இறங்க வேண்டும், ஊரின் நடுவில், கரையெல்லாம் வேடிக்கை பார்க்கும் ஜனம். மூன்றாவது தொட்டியில் எனக்கு அமரத்துக் கயிறு. பெரிய கப்பலில் பழகிய கை, கயிற்றை முளையில் எட்டுப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற ஒருவரோடு பேசப் போய்விட்டேன். ஏறும்போது கயிறு தளரும், உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது நிலைமை நேர் எதிர். தண்ணீர் கீழே போகிறது, கயிறு கட்டிய இடத்திலேயே நிற்கிறது. படகின் பின்பக்கம் அந்தரத்தில் தொங்க ஆரம்பித்தது. விலாக்கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். முடிச்சு பாரத்தில் இறுகிவிட்டது, அவிழ்க்க முடியவில்லை. தூத்துக்குடி நண்பர் இடுப்புக் கத்தியால் ஒரே வெட்டு வெட்டினார். படகு தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தது.

75 வருடப் படகு. என் கவனக்குறைவால் அன்று உடைந்திருக்கும். படகுக்காரரான எஞ்சினியர் திட்டவில்லை. அடுத்த தொட்டிக்குள் போகும் முன் என்னிடம் வந்து, "கட்டாதே, பிடி" என்று மட்டும் சொன்னார். கயிற்றை முளையில் ஒரு சுற்று சுற்றி, நுனியைக் கையில் வைத்துத் தண்ணீரோடு சேர்த்து விட்டுக்கொண்டே வர வேண்டும். அன்றிலிருந்து லாக்குக்குள் அவர் குரல் மட்டும்தான் கேட்கும், நாங்கள் வாய் திறக்க மாட்டோம். வெளியே வந்ததும் பழையபடி வம்பு பேசுவோம்.

ஆலப்புழையில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் லாக்கு வழியாகப் போக நேர்ந்தால், இதை ஐந்து பேருக்கும் சொல்லிவிடுங்கள்.

நம் பக்கிங்ஹாம் கால்வாயில் மறுபடி படகு போகுமா? இல்லை, இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில்தான் நடக்குமா?
வாசகர், நாயுடுபேட்டை

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை அந்த ஆறு நாளும் குடைந்தது. நம் கால்வாய் செத்ததற்கு நாம் சொல்லும் காரணம்: ரயில் வந்தது, லாரி வந்தது, காலம் மாறிவிட்டது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் அந்தக் கலிடோனியன் கால்வாயின் கதை என்ன தெரியுமா? தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற எஞ்சினியரின் பொறுப்பில் 1803-ல் வேலை தொடங்கியது. பிழைப்பில்லாமல் ஊரைவிட்டுக் கப்பலேறிய மலைநாட்டு ஜனங்களுக்குக் கூலிவேலை கொடுப்பதும் ஒரு நோக்கம். முடிய 1822 ஆகிவிட்டது, செலவு எகிறியது. மிச்சம் பிடிக்க, திட்டமிட்ட 20 அடி ஆழத்தைக் குறைத்துவிட்டார்கள். அதற்குள் கப்பல்கள் பெரிதாகிவிட்டன. பெரிய சரக்குப் பாதையாக அது ஜெயிக்கவே இல்லை. அப்புறமும் கைவிடவில்லை. 1990-களில் லாக்குச் சுவர்கள் சரியும் நிலை வந்தபோது, குளிர்காலம்தோறும் ஒரு பகுதியாகத் தண்ணீரை வடித்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் சுவர்களைப் பிணைத்துச் சரிசெய்தார்கள். இன்று அதில் போவது பெரும்பாலும் எங்கள் படகு மாதிரி உல்லாசப் படகுகள்தான். லாக்குக்காரர்களுக்குச் சம்பளம் போகிறது, கதவு திறக்கிறது.

நம்முடையதும் அதே காலம்தான். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தனியார் ஒருவர் வெட்டியது, பிறகு பழவேற்காடு ஏரிக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டது. 1877-78 பஞ்சத்தில், சோற்றுக்கில்லாத ஜனம் கூலிக்கு மண் சுமந்து கூவத்தையும் அடையாற்றையும் 8 கிலோமீட்டர் வெட்டி இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர், அதில் 257 ஆந்திரத்தில். என் தாத்தா இதில் சவுக்குக் கட்டையும் கிளிஞ்சலும் ஏற்றிச் சென்னைக்குப் போனவர். காற்று இருந்தால் பாய். இல்லையென்றால் கோல் ஊன்றுவது, அதுவும் ஆகாவிட்டால் கரையில் இறங்கித் தோளில் கயிறு போட்டு இழுப்பது. பானவியில் நான் கயிறு பிடித்து நடந்தபோது அவர் நினைவுதான்.

புயல்கள் கரையை உடைத்தன, மணல் மூடியது. சென்னைக்குள் கால்வாயின் உள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 2008-ல் இதைத் தேசிய நீர்வழி 4-ன் ஒரு பகுதியாக அறிவித்தார்கள். முழு நீளமும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏரிக்கு வடக்கே ஒரு பத்து கிலோமீட்டர் தூர் வாரி, ஒரே ஒரு லாக்குக்குக் கதவு போட்டு, அதைத் திறந்து மூட இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நானே கோல் ஊன்ற வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழைய லாக்கு இருக்கிறது. கதவு இல்லை, கருவேலம் மூடிக் கிடக்கிறது. சுவரின் மேல்கல்லில் கயிறு அறுத்த பள்ளங்கள், விரல் உள்ளே போகும் ஆழத்துக்கு. உங்கள் வீட்டில் அந்தக் கால்வாயில் படகு ஓட்டிய பெரியவர் யாராவது இருந்தால், எந்தெந்த ஊரில் லாக்கு இருந்தது, படகு உள்ளே போய் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அஞ்சலட்டை போதும். தெலுங்கில் எழுதினாலும் படித்துவிடுவேன்.