கணினிக் கேள்வி பதில்: பொள்ளாச்சியைக் காணோம்!

கேள்வி: அப்பாவின் தேங்காய் மண்டிக்காக, ஊர்ப் பெயரைக் கொடுத்தால் வண்டி வாடகையைச் சொல்லும் சிறிய நிரலைப் பைத்தான் மொழியில் எழுதினேன். ஊர்ப் பெயர்களைப் பழைய எழுத்துருவில் இருந்த கோப்பிலிருந்து யூனிக்கோடுக்கு (எழுத்துகளுக்கு எண் தரும் பொதுமுறைக்கு) மாற்றி டிக்‌ஷனரியில் இட்டிருக்கிறேன் (ஊர்ப் பெயர் சாவி, வாடகை அதற்குரிய மதிப்பு). சித்தூர், பாலக்காடு, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் ஆகியவற்றுக்குச் சரியான தொகை வருகிறது. பொள்ளாச்சி, கொல்லங்கோடு, கோபாலபுரம் என்று தட்டச்சு செய்தால் மட்டும் வாடகை 0 என்று வருகிறது. டிக்‌ஷனரியை அச்சிட்டுப் பார்த்தால் அந்த ஊர்கள் கண்ணெதிரே இருக்கின்றன. என்ன பிழை?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: தவறிய மூன்று பெயர்களையும் உரக்கப் படித்துப் பாருங்கள். மூன்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. சரியாக வந்த நான்கில் அவை இல்லை. குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

டிக்‌ஷனரியில் ஒரு சாவியைத் தேடும்போது பைத்தான் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு போவதில்லை. சாவியிலிருந்து ஹாஷ் எனப்படும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்துக்கு நேரே சென்று, அங்கே இருக்கும் சாவி நாம் கொடுத்த சாவிக்குச் சமமா என்று சரிபார்க்கிறது. அதனால்தான் பத்து ஊர் இருந்தாலும் பத்து லட்சம் ஊர் இருந்தாலும் தேடும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்தச் சமம் என்பது நம் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைப் பொறுத்தது அன்று; உள்ளே இருக்கும் குறியெண்களைப் பொறுத்தது.

'கொ' என்ற எழுத்தை யூனிக்கோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018 என்று இரண்டே எண்களில் முடித்துவிடலாம். அல்லது ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று பிரித்து, ககரத்தோடு சேர்த்து மூன்று எண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பைத்தானுக்கோ அவை வேறு வேறு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்). பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனியே இருந்ததால், மாற்றும் கருவி அவற்றை அப்படியே விட்டிருக்கக்கூடும். நீங்கள் தட்டச்சு செய்வது ஒரே குறியாக விழுகிறது. சரத்தின் நீளத்தைச் சொல்லும் 'லென்' ஃபங்ஷனிடம் இரண்டு கொல்லங்கோடுகளையும் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 11, மற்றதற்கு 13 என்று விடை வந்தால் சந்தேகம் தீர்ந்தது. (நானும் ஒருமுறை இதே கொம்பையும் காலையும் தேடி ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்திருக்கிறேன்.)

பைத்தானோடு வரும் 'யூனிக்கோட்டேட்டா' மாட்யூலில் 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு 'என்எஃப்சி' என்ற வடிவத்தைக் குறிப்பிட்டால், பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கித் தரும். டிக்‌ஷனரியில் இடும்போதும், தேடும் முன்பும், இரண்டு இடத்திலும் இதைச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்வது போதாது. கூடவே 'ஸ்ட்ரிப்' போட்டு, பெயரின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களையும் நீக்கிவிடுங்கள்.

வாடகை 0 என்று வந்ததைப் பார்த்தால், நீங்கள் சதுர அடைப்புக்குறியால் தேடாமல் 'கெட்' மூலம் தேடி, கிடைக்காவிட்டால் 0 கொடு என்று எழுதியிருக்கிறீர்கள் எனத் தோன்றுகிறது. எத்தனை முறை ஒரு சொல் வந்தது என்று எண்ணும் நிரலுக்கு அது பொருத்தம், வாடகைக்குப் பொருந்தாது. ஊர் பட்டியலில் இல்லை என்பதும், வாடகையே இல்லை என்பதும் ஒன்றா? சதுர அடைப்புக்குறியில் தேடியிருந்தால் 'கீஎரர்' என்று நிரல் அங்கேயே நின்று, முதல் நாளே பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும். நிரல் நிற்கக் கூடாது என்றால், 'இன்' கொண்டு ஊர் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லாதபோது "இந்த ஊர் பட்டியலில் இல்லை" என்று அச்சிடுங்கள்.

கேள்வி: வரிசை எண்ணைச் சாவியாக வைத்து மாணவர் பெயர்களைச் சேமித்தேன். 7 என்று உள்ளிட்டால் 'கீஎரர்' வருகிறது. 7 இருக்கிறதே?
(வாசகர், நகரி)

பதில்: 'இன்புட்' எதை வாங்கினாலும் சரமாகவே தரும். உங்கள் சாவி எண்ணாகிய 7. நீங்கள் தேடுவது எழுத்தாகிய 7. வாங்கியதை 'இன்ட்' கொண்டு எண்ணாக்கிவிட்டுத் தேடுங்கள். வேடிக்கை என்னவென்றால், 7.0 என்ற தசம எண்ணைக் கொண்டு தேடினால் அதே பெயர் கிடைக்கும். இரண்டும் சமம், இரண்டின் ஹாஷும் ஒன்று.