காரம் வேறு, தரம் வேறு: நிகரகுவா சுருட்டு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: நிகரகுவா சுருட்டு என்றாலே காரம் என்கிறார்கள். பற்றவைத்ததும் நாக்கில் மிளகு ஏறினால் அதை உயர்ந்த ரகம் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. மிளகின் கார்ப்பு நாக்கும் மூக்கும் உணரும் சுவை. வீரியம் என்பது நிகோட்டின் உடம்பில் செய்யும் வேலை. முதல் அரை அங்குலத்தில் சுர்ரென்று ஏறிப் பிறகு அடங்கிவிடும் சுருட்டும் உண்டு. சுவையில் சாதுவாகத் தொடங்கி, பாதி எரிந்தபின் நெற்றியில் வியர்வை அரும்பவைக்கும் சுருட்டும் உண்டு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் மதிப்பீடு தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும்.

வீரியத்தின் பெரும்பங்கு லிஹேரோ எனப்படும், புகையிலைச் செடியின் உச்சி இலைகளிலிருந்து வருகிறது. அவை அதிக வெயில் குடித்துத் தடித்து எண்ணெய்ப்பசை ஏறியவை. மெதுவாகவே எரியும் என்பதால் சுற்றுபவர் அவற்றைச் சுருட்டின் நடுவில் வைத்து, எளிதில் எரியும் கீழ் இலைகளைச் சுற்றிலும் அமைப்பார். இத்துடன் மண்ணும் சேர்கிறது. நிகரகுவாவின் புகையிலை வட்டாரங்களுள் எஸ்தெலியின் கனத்த கருமண் காரமும் அழுத்தமும் தருகிறது. ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய ஹலாபா பள்ளத்தாக்கின் இலை இனிப்பும் நறுமணமும் கொண்டது. கொண்டேகா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நிகரகுவா ஏரியின் நடுவே எரிமலைகளால் உருவான ஒமெத்தெப்பே தீவின் இலையில் மண்வாசனையோடு மெல்லிய இனிப்பு இருக்கும். ஆகவே, ‘எவ்வளவு காரம்’ என்பதை விட, எஸ்தெலியின் காரத்தை மற்ற இலைகள் தாங்கிப் பிடிக்கின்றனவா என்ற கேள்வியே பயன் தரும்.

மைய அமெரிக்காவின் இந்த நாட்டுக்கு இக்கலை வந்ததே 1959-இன் கியூபப் புரட்சிக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய புகையிலைக் குடும்பங்களால்தான். அவர்களுள் ஒருவரான ஹோசே ஒர்லாண்டோ பத்ரோன் 1964-இல் மயாமியில் தொழில் தொடங்கி, 1970-இல் நிகரகுவாவில் கால்பதித்தார். அந்நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ‘1964 ஆனிவர்சரி’ வரிசை, நான்கு ஆண்டுகள் முதிரவைத்த இலைகளால், சதுர வாட்டில் அழுத்திச் செய்யப்படுவது. வீரியம் குறைவில்லாமலே கோகோ, காபி, கொட்டைப்பருப்பு போன்ற சுவைகள் உரசலின்றி ஒன்றன்பின் ஒன்றாக வருவதை அதில் காணலாம். என் கணக்கில் தரம் என்பது இதுதான்.

கேள்வி: பற்றவைப்பதற்கு முன்பே ஒரு சுருட்டை எடைபோட முடியுமா?

பதில்: கணிசமாக முடியும். சுருட்டின் வெளிப்புறத்தைச் சுற்றியுள்ள மேலிலையில் தடித்த நரம்புகள் துருத்தாமல், சுற்றின் விளிம்பு கண்ணுக்கு எளிதில் தெரியாமல், லேசான எண்ணெய் மினுமினுப்பு இருக்கவேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து, அடி (பற்றவைக்கும் முனை) முதல் தலை (வாயில் வைக்கும் முனை) வரை மென்மையாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கல்போலக் கெட்டியாக இருந்தால் புகை வர மறுக்கும். பொசுக்கென்று அமுங்கினால் அங்கே இலை குறைவு, சூடேறி எரியும். பிறகு மேலிலையையும், வெட்டப்பட்ட அடிப்பக்கத்தையும் தனித்தனியே முகருங்கள். வைக்கோல், கொட்டில், காய்ந்த பழம், கோகோ ஆகிய வாசனைகள் இயல்பானவை. அமோனியா நெடி மூக்கில் ஏறினால், குவித்துவைத்த அம்பாரத்தில் இலை போதுமான அளவு நொதிக்கவில்லை என்றோ, சுற்றியபின் ஆறப்போடவில்லை என்றோ பொருள். சில மாதம் பெட்டியில் விட்டுவைப்பது நல்லது.

தலைப்பக்கத்தை மூடியிருக்கும் இலைத்துண்டான தொப்பியை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கே வெட்டுங்கள். தலையின் வளைவு முடியும் தோள்வளைவுக்குக் கீழே கத்தி இறங்கினால் மேலிலை பிரியத் தொடங்கிவிடும். வெட்டியதும் தீயில்லாமல் ஓரிரு முறை இழுத்துப் பார்த்தால், காற்று தடையின்றி வருகிறதா என்பதோடு இலையின் பச்சைச் சுவையும் தெரியவரும்.

கேள்வி: சாம்பல் வெண்மையாக நீண்டு நின்றால் உயர்ந்த சுருட்டுதானே?

பதில்: நீண்டு நிற்பது உள்ளே முழுநீள இலைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டதற்குச் சான்று, அவ்வளவே. நிறம் பெரும்பாலும் மண்ணின் தாது உப்புகளைப் பொறுத்தது. அதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.

கேள்வி: பாதியில் ஒருபக்கமாக எரிகிறது, கசப்பும் ஏறுகிறது. குறை சுருட்டிலா, என்னிடமா?

பதில்: முதலில் உங்கள் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அவசரமாக இழுத்தால் நெருப்பின் சூடு கூடி, இனிப்பு மறைந்து, காந்தலும் கமறலும் மிஞ்சும். பற்றவைக்கும்போது அடிப்பக்கம் முழுவதும் சீராகக் கனன்றதா என்பதும் முக்கியம். ஓரம் விட்டுப்போனால் அந்த ஓரம் கடைசிவரை பின்தங்கியே வரலாம். ஈரப்பதத்தையும் கவனியுங்கள். 65 முதல் 70 விழுக்காட்டுக்குள் வைத்த சுருட்டு ஒழுங்காக எரியும். கடற்கரை ஊர்களில் திறந்த அலமாரியில் கிடந்தது நமத்துப்போய் அடிக்கடி அணையும். இவை எல்லாம் சரியாக இருந்தும் அதே பெட்டியின் மற்றொரு சுருட்டும் கோணலாக எரிந்தால், சுற்றியவர் லிஹேரோவை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டார் என்று கருதலாம்.

கேள்வி: புகையை உள்ளிழுக்காமல் எப்படி முழுச் சுவையையும் அறிவது? உள்ளிழுக்காவிட்டால் கேடில்லையா?

பதில்: வாயில் நிறுத்திய புகையில் சிறு பங்கை மட்டும் மூக்கு வழியாக மெல்ல வெளிவிடுவார்கள். நாக்குக்குப் பிடிபடாத மணங்கள் அப்போதுதான் துலங்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் தேவையில்லை, முதல், நடு, கடைப் பகுதிகளில் ஓரிருமுறை போதும்.

கேடில்லை என்பது தவறான நம்பிக்கை. சுருட்டுப் புகை வேதியியல் பொருளில் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உடையது என்பதால் நிகோட்டின் வாயின் உட்சவ்வு வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கான அபாயம் உள்ளிழுக்காதவர்களுக்கும் உண்டு. விலையுயர்ந்த இலை அதைக் குறைத்துவிடாது. கிறுகிறுப்பும் குமட்டலும் தோன்றினால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். வெறும் வயிற்றில் எஸ்தெலி சுருட்டைச் சோதிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: ஒரே சுருட்டுக்கு முதல் முறை 92, அடுத்த முறை 86 மதிப்பெண் போட்டேன். எது சரி?

பதில்: ஒரே ஒரு சுருட்டுக்கு இட்ட எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கையால் சுற்றப்படும் பொருளில் வேறுபாடு இயல்பு. உண்ட உணவும் உடன் குடித்த பானமும் நாக்கை மாற்றும். ஒரே பெட்டியிலிருந்து மூன்றை வெவ்வேறு நாட்களில், ஒரே வேளையில், வெறும் தண்ணீருடன் சுவைத்து, ஒவ்வொன்றின் முதல், நடு, கடைப் பகுதிகளுக்கும் தனிக் குறிப்பு எழுதுங்கள். இயன்றால் வேறொருவரிடம் கொடுத்துப் நிறுவனப் பெயர் தாங்கிய காகிதப் பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். 1992-இல் தொடங்கப்பட்ட ‘சிகார் அஃபிஸியனாடோ’ இதழின் சுவைக்குழுவும் பெயர் தெரியாமல்தான் மதிப்பிடுகிறது. மூன்று குறிப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும் சுவைகளைச் சுருட்டின் கணக்கிலும், ஒருமுறை மட்டும் தலைகாட்டுபவற்றை அன்றைய நாளின் கணக்கிலும் எழுதிக்கொள்ளுங்கள். 92-க்கும் 86-க்கும் இடையிலான ஆறு மதிப்பெண்ணுக்கு அதிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.